அப்பாவின் பீரோவில் நான்கு டேப் ரீல்கள்

கடிதத்தின் சுருக்கம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன வருடம் காலமான அவருடைய அப்பா 1961 முதல் 1963 வரை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வானிலை ஆய்வு செய்தவர். ஊர் திரும்பியதும் மத்திய அரசின் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். வீட்டைக் காலி செய்யும்போது பீரோவின் அடித்தட்டில் நான்கு டேப் ரீல்கள் கிடைத்தன.

ஒன்று சின்னது, ஏழு அங்குலம். பெட்டியைத் திறந்தாலே வினிகர் வாடை அடிக்கிறது. உள்ளே ஒரு துண்டு அட்டையில் பென்சிலால் '7090 – 556' என்று எழுதியிருக்கிறது. மற்ற மூன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, விளிம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டியவை. லேபிள்களில் 1976 முதல் 1983 வரை தேதிகள், '9 டிராக் 1600' என்ற குறிப்பு. ஒன்றில் 'பேரோல் மாஸ்டர்', அதாவது சம்பளக் கணக்கின் மூலக் கோப்பு, என்று இருக்கிறது.

பெரிய ரீல் ஒன்றைச் சுமார் இருபதடி பிரித்துப் பார்த்திருக்கிறார். டேப்பின் மேல் ஒரு வெள்ளித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. யாரோ போட்ட ஒட்டு என்று நினைத்துப் பிய்க்கப் போய், ஏதோ தோன்றி விட்டுவிட்டார். பெரிய ரீல்களின் பின்பக்கம் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் மாட்டும் வளையத்தைக் காணோம்; இணையத்தில் விற்கிறார்கள், வாங்கி மாட்டட்டுமா என்று கேட்கிறார். பீரோவுக்குப் பக்கத்தில் பல வருடம் பெரிய ஸ்பீக்கர் இருந்தது, எல்லாம் அழிந்திருக்கும் என்கிறார் சித்தப்பா. பழைய டேப்பை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று வீடியோ காட்டுகிறான் அக்கா மகன். கேசட்டுகளை டிஜிட்டல் ஆக்கித் தரும் உள்ளூர்க் கடை ஒன்று, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஓட்டித் தருவதாகச் சொல்கிறது. இவற்றைப் படிக்க முடியுமா, இவை யாருக்குச் சொந்தம், வெளிநாட்டு மியூசியத்துக்கு அனுப்பலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: ஒரு கட்டு ஓட்டை போட்ட அட்டைகளும் ஒரு பச்சை நோட்டும் கூட இருந்தன, அவற்றை ஞாயிற்றுக்கிழமை வரும் பேப்பர்காரருக்காக வாசலில் எடுத்து வைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வெள்ளித்தாளைப் பிய்க்காமல் விட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. அது ஒட்டுப் போட்டதில்லை. டேப்பை ஓட்டிப் படிக்கும், எழுதும் மெஷினான டேப் டிரைவுக்குள் ஒரு சின்ன விளக்கும் ஒளியை உணரும் கண்ணும் இருக்கும். வெள்ளித்தாள் அந்த இடத்தைக் கடக்கும்போது வெளிச்சம் பட்டுத் திரும்பும். பதிவு இங்கேதான் தொடங்குகிறது என்று மெஷின் தெரிந்துகொள்ளும். அதற்கு முன்னால் இருக்கும் பத்தடி சொச்சம், டேப்பை மெஷினில் மாட்டுவதற்காக விட்ட வெறும் வால். டேப் முடியப்போகிற இடத்திலும் இதே மாதிரி இன்னொரு துண்டு இருக்கும், ரீலிலிருந்து டேப் முழுசாகக் கழன்று பறக்காமல் இருக்க. பசை காய்ந்து அது தானாக விழுந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். விழுந்த இடத்தைக் குறித்துவிட்டு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வளையத்தின் கதை இதைவிடச் சுவையானது. அந்த வளையம் தொலையவில்லை. உங்கள் அப்பாவோ அவரோடு வேலை பார்த்தவரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். பள்ளத்தில் வளையம் இருந்தால்தான் டிரைவ் அந்த டேப்பில் எழுதும்; இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான் செய்யும். வளையம் இல்லையேல் எழுத்து இல்லை, கம்ப்யூட்டர் அறைக்குள் கால் வைத்த முதல் நாளே ஆபரேட்டருக்குச் சொல்லித்தரும் பாடம் இது. நீங்கள் ஒன்றை வாங்கி மாட்டினால் அந்த நிமிடமே ஒன்றும் அழிந்துவிடாது. ஆனால் அப்பா நாற்பது வருடத்துக்கு முன்னால் போட்ட பூட்டை நீங்கள் திறந்து வைத்த மாதிரி ஆகும். வேண்டாம்.

உங்களுக்குச் சொன்ன மூன்று யோசனைகள்

சித்தப்பாவின் பயம் பலருக்கும் உண்டு, ஆனால் காந்தப்புலம் தூரம் கூடக் கூட வெகு வேகமாகக் குறைந்துவிடும். ஸ்பீக்கரின் காந்தம் ரீலை ஒட்டிக்கொண்டு இருந்திருந்தால்தான் கவலை. நடுவில் ஒரு சாண் இடைவெளியும் பீரோவின் இரும்புத் தகடும் இருந்திருக்கின்றன. பதிவு அப்படியே இருக்கவே வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே மெஷினும் காந்தப் பதிவை ஒன்றும் செய்யாது. இந்த வகை டேப்களுக்கு உண்மையான எதிரிகள் சூடு, ஈரம், தூசி, அப்புறம் அவசரப்படும் மனிதக் கை.

அக்கா மகன் பார்த்த வீடியோவில் உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. காந்தத் துகள்களை டேப்போடு பிடித்து வைத்திருக்கும் பசைப் பூச்சு சில வகைகளில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். ஓட்டினால் கிறீச்சிட்டுக்கொண்டு பூச்சே உரிந்து, டேப்பை உரசிப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும். அப்படிப்பட்ட டேப்களை 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்தால் சில வாரங்களுக்கு மட்டும் ஓட்டக்கூடிய நிலைக்கு வரும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இதற்குச் சூடு ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்கும் ஆய்வகப் பெட்டி வேண்டும். கேக் சுடுகிற ஓவன் போதாது. இந்த நோய் பெரும்பாலும் 1970-களின் நடுவிலிருந்து வந்த டேப்களில்தான் அதிகம். உங்கள் மூன்று பெரிய ரீல்களில் ஏதாவது ஒன்றுக்கு அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; பார்த்துச் சோதித்தவர்தான் சொல்ல முடியும். வினிகர் வாடை அடிக்கும் சின்ன ரீலுக்கோ சூடு விஷம். அதன் நோயே வேறு. கீழே சொல்கிறேன்.

கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். அவர் கை பழகியது கேசட்டிலும் பாட்டு ரீலிலும். பாட்டு ரீலின் டேப் கால் அங்குல அகலம், உங்களுடையது அரை அங்குலமாக இருக்கும். அவரிடம் உள்ள எந்த மெஷினிலும் இது உட்காரவே உட்காராது. ஸ்பிரிட்டோ, பூச்சையே கரைத்துக்கொண்டு வரக்கூடும். பூச்சு போனால் அதிலுள்ள எழுத்தும் போயிற்று.

பிரிக்காமலே அடையாளம் காண்பது

ஒரு ரீலைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, ஓட்டிப் பார்ப்பது. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் அறுபது வருடத்து டேப், ஹெட்டின் மேல் ஒரே ஒரு முறைதான் ஓடச் சம்மதிக்கலாம். அந்த ஒரு முறை சரியான மெஷினில், சரியான ஆளின் கையில் நடக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஸ்கேல், ஜன்னல் வெளிச்சம், மூக்கு, கண் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம்.

முதலில் அகலம். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்றால் கம்ப்யூட்டர் டேப்பாக இருக்க நிறைய வாய்ப்பு. பழைய வீடியோ ரீல்களிலும் கருவிகளின் அளவீடுகளைப் பதியும் டேப்களிலும் இதே அகலம் உண்டு என்பதால், ரீலின் நடுத் துளையையும் அளந்து பாருங்கள். கம்ப்யூட்டர் ரீலின் துளை பெரியது, குறுக்களவு சுமார் 9.4 சென்டிமீட்டர். ஏழு அங்குலச் சின்ன ரீலிலும் துளை அதேதான், அதனால் அந்த ரீல் பார்க்க வெறும் வளையம் மாதிரித் தெரியும். பெரிய அலுமினிய ஆடியோ ரீலின் துளை இதைவிடச் சிறியது, மூன்று அங்குலம். வெள்ளித்தாளும் பின்பக்கப் பள்ளமும் இருப்பதால் உங்கள் பெரிய ரீல்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சின்னதை மட்டும் அளந்து எழுதுங்கள்.

அடுத்தது, டேப் எதனால் ஆனது என்பது. ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் டேப் என்றால் பிளாஸ்டிக்கே இல்லை. 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு வந்த யூனிவாக் மெஷினின் டேப், நிக்கல் முலாம் பூசிய வெண்கலப் பட்டை. ஒரு ரீலைத் தூக்கவே தெம்பு வேண்டும். 1952-இல் ஐபிஎம் 726 டிரைவோடு பிளாஸ்டிக் டேப் வந்தது. அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட், அங்குலத்துக்கு 100 எழுத்து. அசிடேட்டுக்குப் பின்னால்தான் பாலியெஸ்டர் வந்து நிலைத்தது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. ரீலைப் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சுற்றிய டேப்பின் ஊடே பாருங்கள். அசிடேட் என்றால் வெளிச்சம் லேசாகக் கசியும். பாலியெஸ்டர் என்றால் இருட்டாக இருக்கும். அறுந்த முனை இருந்தால் அதுவும் சொல்லும்: அசிடேட் பிளேடால் வெட்டிய மாதிரி நறுக்கென்று அறும், பாலியெஸ்டர் ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுருண்டு அறும். சோதிப்பதற்காக அறுத்துப் பார்த்துவிடாதீர்கள், தாயே.

உங்கள் சின்ன ரீல் விஷயத்தில் மூக்கே போதும். வினிகர் வாடை என்பது அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுவதன் அடையாளம். சிக்கல் என்னவென்றால் வெளியேறும் அமிலமே சிதைவை மேலும் முடுக்கிவிடும். போகப் போக டேப் சுருங்கும், நெளியும், நொறுங்கும். இதை நிறுத்த முடியாது. குளிர்ச்சியில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம். ஆக, நான்கில் முதலில் கவனிக்க வேண்டியது பார்வைக்குப் பெரிய அந்த மூன்று இல்லை, இந்தச் சின்னதுதான்.

'7090 – 556' என்ற துண்டு அட்டையைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 7090 என்பது 1959 கடைசியில் ஐபிஎம் வெளியிட்ட, டிரான்சிஸ்டரால் ஆன பெரிய மெஷின். அப்பா அங்கே இருந்த காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெரிய கணக்கெல்லாம் ஓடியது அப்படிப்பட்ட மெஷின்களில்தான். 556 என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை எழுத்து என்பது. இரண்டும் சேர்ந்தால் இது 7 டிராக் டேப், அதாவது நீளவாக்கில் ஏழு பதிவுத் தடங்கள் ஓடுவது: எழுத்துக்கு ஆறு பிட் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1), தவறு கண்டுபிடிக்க ஒரு பாரிட்டி பிட். ஆறு பிட்டில் 64 குறிகள்தான் அடங்கும். அதனால் அந்த டேப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளே இருக்காது, எல்லாம் பெரிய எழுத்து. எட்டு பிட் பைட்டும் 9 டிராக் டேப்பும் 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம் 360-ஓடு வந்தவை. உங்கள் பெரிய ரீல்கள் அந்தத் தலைமுறை. சென்னை ஐஐடிக்கு 1973-இல் வந்த ஐபிஎம் 370-உம் அந்தக் குடும்பம்தான்.

சின்ன ரீலில் எவ்வளவு எழுத்து அடங்கியிருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஏழு அங்குல ரீலில் சுமார் 600 அடி டேப் இருக்கும். இடைவெளியே விடாமல் எழுதியிருந்தால் 40 லட்சம் எழுத்து. ஆனால் இடைவெளி விடாமல் எழுத முடியாது. டேப் நின்று மறுபடி கிளம்ப ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே முக்கால் அங்குலம் வெறுமையாக விடுவார்கள். ஓட்டை போட்டுப் பதிந்த 80 எழுத்து அட்டைகளை ஒன்றொன்றாக டேப்பில் எழுதியிருந்தால் பதிவு ஒன்றுக்கு ஒரு அங்குலத்தில் ஏழில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் காலி. அப்படிப் பார்த்தால் மொத்தம் ஆறு லட்சம் எழுத்து தேறும். உங்கள் செல்போனில் எடுத்த ஒரு படத்துக்குக்கூடக் காணாது. ஆனால் ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்து சேர்த்த வானிலை அளவீடு அதில் முழுசாக அடங்கிவிடும்.

லேபிளை மட்டும் நம்பாதீர்கள். டேப் விலை அதிகம் என்பதால் அழித்து அழித்து எழுதுவது எல்லா இடத்திலும் வழக்கம். அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய மூலப் பதிவு டேப்களே பிற்பாடு அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் நாசா தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தது. 'பேரோல் மாஸ்டர்' என்று எழுதியிருக்கும் ரீலில் உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம். இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு: பழைய நீளமான பதிவின் மேல் சின்னதாக ஒன்றை எழுதியிருந்தால், புதியது முடிந்த இடத்துக்கு அப்பால் பழையது அழியாமல் கிடக்கும். தெரிந்தவர் கையில் கொடுத்தால் அதையும் எடுப்பார்.

படிக்க முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தெருமுனைக் கடையில் முடியாது. ஓடும் நிலையில் உள்ள 9 டிராக் டிரைவ்கள் உலகத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன; 7 டிராக் மிக அபூர்வம். இன்று நிபுணர்கள் பழைய டிரைவின் தீர்ப்பை அப்படியே ஏற்பதில்லை. எல்லா டிராக்கிலிருந்தும் ஹெட்டில் எழும் சிக்னலை ஒரே ஓட்டத்தில் பதிந்துகொண்டு, எது 0, எது 1 என்பதைப் பிற்பாடு மென்பொருளை வைத்து நிதானமாகப் பிரிப்பார்கள். ஒரு இடம் சரியாக வராவிட்டால் கணக்கை மறுபடி போட்டால் போதும், டேப்பை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. 2025-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பழைய சாமான்களுக்கு நடுவே யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நான்காம் பதிப்பின் டேப் ஒன்று கிடைத்தது, 1973-ஆம் வருடத்து மென்பொருள். அதைக் கலிபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குக் கொண்டுபோய் இந்த முறையில்தான் படித்தார்கள்.

7 டிராக்குக்கு இன்னும் பொருத்தமான கதை ஒன்று. அப்போலோ பயணங்களில் நிலவின் தூசியை அளக்கும் கருவியை வடிவமைத்தவர் பிரையன் ஓ'பிரையன் என்ற ஆஸ்திரேலிய இயற்பியலாளர். அந்த அளவீடுகளின் பிரதி நாசாவிடம் இல்லாமல் போயிற்று. பெர்த் நகரில் அவரிடம் இருந்த 173 டேப்கள்தான் மிஞ்சின. அவற்றைப் படிக்க ஆஸ்திரேலியக் கம்ப்யூட்டர் மியூசியச் சங்கத்திடமிருந்து, பெரிய ஃபிரிட்ஜ் அளவுள்ள ஒரு பழைய ஐபிஎம் 729 டிரைவைத் தேடிப் பிடித்தார்கள். அரசாங்கப் பிரதி போய், சொந்தப் பிரதி நின்றது. அப்பாவின் சின்ன ரீலை யோசிக்கும்போது இது என் மனசில் ஓடுகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இதன் இன்னொரு பிரதி இருக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

யாரிடம் கொடுப்பதானாலும் சில கேள்விகள் கேளுங்கள். முழுச் சிக்னலையும் சேமித்துத் தருவீர்களா? பதிவுகளின் எல்லையும் பாரிட்டி தவறுகளும் குறித்த கோப்பாகத் தருவீர்களா, இல்லை வெறும் எழுத்தாகத் தருவீர்களா? ஓட்டும் முன் என்ன சோதனை செய்வீர்கள்? டேப்பைத் திருப்பித் தருவீர்களா? இதற்கெல்லாம் 'கவலைப்படாதீங்க மேடம், பார்த்துக்கறோம்' என்று மட்டும் பதில் வந்தால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

யாருக்குச் சொந்தம்?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் அடிக்கடி இடறும் இடம் இது என்பதால் சொல்கிறேன், நீங்கள் ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்ததால் நான்கும் நம்முடையவை என்று நினைக்கிறீர்கள். மூன்று பெரிய ரீல்களுக்கு அது பொருந்தாது. ரீல் அலுவலகத்து ஆஸ்தி. அதில் உள்ளதும் வேலையின் பகுதியாக உருவானது, காப்புரிமை (காப்பிரைட்) வழக்கமாக நிறுவனத்துக்கே. அதோடு 1993-ஆம் வருடத்துப் பொது ஆவணங்கள் சட்டம் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். காகிதக் கோப்பு மட்டுமில்லாமல், கம்ப்யூட்டர் உருவாக்கிய எதையும் ஆவணம் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் பொது ஆவணத்தை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, மீறினால் தண்டனை உண்டு. ஆகவே அந்த மூன்றையும் வெளிநாட்டு மியூசியத்துக்கு கூரியரில் போட்டுவிடாதீர்கள்.

பயப்படவும் வேண்டாம். அப்பா திருடிக்கொண்டு வந்தார் என்று யாரும் சொல்லப் போவதில்லை. கழித்துப் போட்ட டேப்பை ஞாபகத்துக்காகவோ பத்திரத்துக்காகவோ வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இப்படி மூன்று ரீல்கள் இருக்கின்றன, உங்களுக்கு வேண்டுமா, வேண்டாம் என்றால் ஆய்வுக்குக் கொடுக்கலாமா என்று. பதில் வரத் தாமதமாகும், எழுதிய கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பேரோல் ரீலில் ஊழியர்களின் பெயரும் சம்பளமும் பிடித்தமும் இருக்கும். அவர்களில் பலர் இன்னும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருப்பார்கள். அதைப் படித்தால் கூட, பொதுவில் போடுவது சரியில்லை.

சின்ன ரீலின் நிலை வேறு. மாணவராக இருந்தபோது அவரே செய்த ஆய்வு. அவருடைய எழுத்துக்கும் நிரலுக்கும் காப்புரிமை, இந்தியச் சட்டப்படி அவர் காலத்துக்குப் பின் 60 வருடம் வாரிசுகளிடம் இருக்கும். அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதி அப்பாவின் ஆய்வேட்டின் பிரதியைக் கேளுங்கள். எந்த ஊரின் அளவீடு, எந்த வரிசை, எந்த அலகு என்பதெல்லாம் பின்னிணைப்பில் இருக்கும். டேப்பைப் படிக்கும்போது அதுதான் அகராதி. கூடவே, இப்படி ஒரு டேப் இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

பிரித்த இருபதடியைத் தரையில் படாமல், பூச்சுள்ள பக்கத்தைத் தொடாமல், விளிம்பை மட்டும் பிடித்து மெதுவாகச் சுற்றிவிடுங்கள். தளர்வாக இருந்தால் இருக்கட்டும். முனையைப் பிடித்து இழுத்து இறுக்கினால் உள்ளே இருக்கும் சுற்றுகள் மடங்கிக்கொள்ளும். அந்த மடிப்பு அப்புறம் போகவே போகாது.

சின்ன ரீலைத் தனியே எடுத்து வையுங்கள், அதன் அமில வாடை மற்றவற்றுக்கு ஆகாது. இறுக்கமான பாலித்தீன் பை வேண்டாம். அமிலம் உள்ளேயே தங்கிவிடும். காற்றாடும் ஒரு அட்டைப் பெட்டி போதும். மற்ற மூன்றும் புத்தகம் மாதிரி நின்ற வாக்கில் இருக்கட்டும், படுக்க வைத்து அடுக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்ற வேண்டாம், தூசி போகாமல் காப்பது அதுதான். திருச்சி வெயிலுக்கு மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையும் பரணும் ஆகாது. வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரம் இல்லாத உள்ளறை எதுவோ அது. பாச்சை உருண்டை போடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்: வீட்டு ஃபிரிட்ஜில் வேண்டாம், வெளியே எடுக்கும்போது வேர்த்து நனைந்துவிடும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பெட்டியை மூடிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் படம் எடுங்கள். ரீலின் இரண்டு பக்கம், பெட்டியின் ஆறு பக்கம், லேபிளின் மூலையில் இருக்கும் ஆறு எழுத்து எண், பென்சில் கிறுக்கல் உட்பட. அந்த ஆறு எழுத்து எண் டேப்பின் முதல் பதிவிலும் இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் ஒத்துப்போனால் லேபிள் பொய் சொல்லவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு அலுவலகத்தின் 9 டிராக் டேப் ஒன்றை ஒரு பிட்கூடத் தவறாமல் படித்தோம். எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் பார்த்தால் வெறும் எண்களாக நிற்கிறது. எந்த எண் எது என்று சொல்லும் தாளை அந்த அலுவலகம் வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டிருந்தது. ஒவ்வொரு பத்தியும் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு பத்திகள் இன்றுவரை புரியவில்லை.

நீங்கள் வாசலில் வைத்திருக்கும் அட்டைக் கட்டு அந்தத் தாளாக இருக்கலாம். மெஷின் 360, 370 வகை என்றால் கட்டின் முதல் சில அட்டைகள் இரண்டு சாய்கோடுகளோடு தொடங்கும்; அவை மெஷினுக்கான கட்டளைகள். அட்டையின் மேல் விளிம்பில் எழுத்தாக அச்சாகியிருந்தால் கண்ணாலேயே படிக்கலாம். அச்சு இல்லாவிட்டால் ஓட்டைகளைப் படம் எடுத்தாலே போதும், நான் படித்துச் சொல்கிறேன். அதில் 'டிஇஎன்=3' (DEN=3) என்று இருந்தால் அங்குலத்துக்கு 1600 எழுத்து, 'டிஇஎன்=2' (DEN=2) என்று இருந்தால் 800. ஒரு பதிவு எத்தனை எழுத்து, எத்தனை பதிவுகளைச் சேர்த்து டேப்பில் ஒரே தொகுதியாக எழுதினார்கள் என்பதும் அதே அட்டைகளில் இருக்கும். அட்டைகளின் வரிசையை மாற்றாதீர்கள், ரப்பர் பேண்டு நைந்திருந்தால் நூலால் கட்டுங்கள். பச்சை நோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பேப்பர்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்றீர்கள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் வாசலுக்குப் போய் இரண்டையும் உள்ளே எடுத்து வையுங்கள். ரீல்களை அப்புறம் பார்க்கலாம்.